பழைய கம்ப்யூட்டர் வரைந்த கால்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். அனுபவித்தவர் இன்றும் அதே பட்டறையில்தான் வேலை பார்க்கிறார். இதைச் சொல்லும்போது தலை நிமிரவே மாட்டார். பயம் போய்விட்டதாம், வெட்கம்தான் போகவில்லையாம்.

செயற்கைக் கால் செய்யும் பட்டறை அது. காலைத் திரையில் வரைந்து, செதுக்கும் இயந்திரத்துக்கு அனுப்ப ஒரு புரோகிராம் உண்டு. இருபது வருடத்துக்கு முன் அதை எழுதியவரை எல்லோரும் 'அக்கா' என்பார்கள். உடம்பு முடியாமல் அவர் வேலையை விட்டு நின்றுவிட, அதைக் கட்டிக் காப்பது நம்மாள் தலையில் விழுந்தது. செதுக்கும் இயந்திரமோ மூலையில் இருக்கும் கிழட்டுக் கம்ப்யூட்டர் பேச்சை மட்டும்தான் கேட்கும். முன்னறையில் எல்லாம் புதுசு. புரோகிராம் இதில் ஓடினால் அதில் படுத்துவிடும். இரண்டு வருடம் மனிதர் படாத பாடு பட்டார்.

பட்ட பாட்டுக்குக் கூலி என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு காரியம் செய்தார். புரோகிராமைத் திறந்ததும் வரும் அக்காவின் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டார். முழுக்கத் தானே எழுதியது என்று முதலாளியிடமும் சொல்லிவைத்தார். மறுநாள் நான்கு மணிக்கு அதை ஓட்டிக் காட்டிவிட்டால் வேலை நிரந்தரம். அன்று பார்த்து அக்கா ஐந்து முறை போன் செய்தார். எந்த முகத்தோடு பேசுவது? எடுக்கவில்லை.

மறுநாள் பிற்பகல் 3:35. புதுக் கம்ப்யூட்டரில் திறந்தார். அவர் பெயர். அதே பிரதியைக் கிழட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தார்.

அக்காவின் பெயர்.

பழையது எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சுத்தமாக அழித்துவிட்டு மறுபடி போட்டார். 3:41. மறுபடியும் அக்கா...

க்ளிக்.

மவுஸ் சத்தம். அவர் கை இரண்டும் மடியில் இருந்தன.

அம்புக்குறி நகர்ந்தது. முதலில் குதிகாலில் ஒரு சின்ன வட்டம். அக்கா எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குவார். பிறகு பாதம்... கணுக்கால்... கெண்டைக்கால்... முழங்காலுக்குக் கீழே வந்து நின்றது.

இடது கால்.

மவுஸ் வயரைப் பிடுங்கினார்.

க்ளிக்... க்ளிக்...

"என்னப்பா, ரெடியா?" வாசலில் முதலாளி.

"ரெ... ரெடி சார்."

"எல்லாம் நீயே எழுதினதுதானே?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"ஆமா சார்."

முதுகுக்குப் பின்னால் கிழட்டுத் திரை தானாக அணைந்தது.

ஆறு மணிக்கு அக்காவின் கணவர் போன் செய்தார். இந்த முறை எடுத்தார்.

"அக்கா போயிட்டா தம்பி. மூணு நாப்பத்தொண்ணுக்கு."

இவர் திரும்பி மூலையில் இருந்த கிழட்டுத் திரையைப் பார்த்தார்.

"சர்க்கரை. போன வாரம்தான் இடது காலை எடுத்தாங்க. அதுக்கு அளவு கொடுக்கத்தான் நேத்து உனக்கு அத்தனை தடவை போன் போட்டா."

"நான்... வேலையா..."

"அவளும் அதையேதான் சொன்னா தம்பி. 'பாவம், அவனுக்கு வேலை இருக்கும். நானே போய் வரைஞ்சுக்கறேன்'னா."