அம்மாவுக்கு இன்னொரு ஞானஸ்நானம்

அண்ணன் பெங்களூரில் மார்மன் சபையில் சேர்ந்துவிட்டான் என்று செய்தி வந்தபோது, அது என்ன சபை என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அகரம் பக்கத்தில் நாங்கள் பரம்பரையாகக் கத்தோலிக்கர்கள். பெந்தெகொஸ்தேகாரர்களைத் தெரியும், கை தட்டிப் பாடுவார்கள். புராட்டஸ்டன்ட் கோயில் தெரியும், மாதா சுரூபம், சிலை எதுவும் இருக்காது. இவற்றுக்கு அப்பால் இன்னொன்று இருப்பதே எங்களுக்குப் புதிது.

"இயேசுசாமியத்தான கும்புடுறான்? பெறகென்ன, விடு" என்று அம்மா முடித்துக்கொண்டாள். நான் விடுகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு எடுக்கிறவள். அதோடு எனக்கு வாயும் கொஞ்சம் நீளம்.

அடுத்த முறை அவன் ஊருக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். அவன் எதையும் ஒளிக்கவில்லை. நம் வேதாகமத்தோடு கூட அவர்களுக்கு இன்னொரு வேதம் உண்டு. அமெரிக்காவில் ஒருவருக்குத் தேவதூதர் காட்டிக்கொடுத்த தங்கத் தகடுகளிலிருந்து அது வந்ததாம். உயிர்த்தெழுந்த இயேசு அந்தக் கண்டத்து மக்களுக்கும் காட்சி கொடுத்தார் என்று அதில் எழுதியிருக்கிறதாம். தீர்க்கதரிசிகள் பழைய காலத்தோடு நின்றுவிடவில்லை, இன்றைக்கும் ஒருவர் இருந்து சபையை நடத்துகிறார் என்றான்.

"வெளிப்பாடெல்லாம் அப்போஸ்தலர்களோட முடிஞ்சு போச்சுண்ணே. அதுக்கு மேல யாரும் ஒட்டுப் போட முடியாது" என்றேன்.

"கடவுள் பேசுறத நிறுத்திட்டாருன்னு யாரு சொன்னா? ஒங்களுக்கு மட்டும் போப்பாண்டவர் இல்லையா?"

"போப்பாண்டவர் புது வேதமா கொண்டுவாராரு? இருக்கிறதுக்கு விளக்கம் சொல்றாரு."

அவன் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் புது வேதத்தைவிட என்னைச் சுட்டது வேறொன்று. அங்கே அவனை மறுபடி தண்ணீரில் முக்கி எடுத்திருந்தார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் கோயிலில் அவன் தலையில் ஊற்றிய தண்ணீர் கணக்கில் இல்லையாம். ஞானஸ்நானம் கொடுக்கும் அதிகாரம் அப்போஸ்தலர்களுக்குப் பிறகு உலகத்தை விட்டே போய்விட்டதாம். பல நூறு வருசம் கழித்து அவர்களுடைய முதல் தீர்க்கதரிசி வழியாகத்தான் திரும்பி வந்ததாம்.

"அப்ப நாங்கள்லாம் யாருண்ணே?" என்று கேட்டேன்.

"நீங்க நல்லவங்க. யாரு இல்லேன்னா?" என்றான். அதற்குப் பதிலாக அவன் என்னை ஓர் அறை அறைந்திருக்கலாம்.

அம்மாவுக்கு இந்த வழக்கெல்லாம் காதில் ஏறவில்லை. மகன் காப்பி குடிப்பதில்லை என்பதுதான் அவள் வருத்தம். அந்தச் சபையில் காப்பியும் டீயும் ஆகாது. பாலைக் காய்ச்சிப் பனங்கற்கண்டு போட்டு அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, "இது ஒங்க சபைக்கு ஆகுமாப்பு?" என்று கேட்பாள். கேலி இல்லை, நிசமாகவே கேட்பாள். அவனும் தலையாட்டிவிட்டுக் குடிப்பான்.

ஒருநாள் எங்கள் பங்குச் சாமியாரிடம் கேட்டேவிட்டேன். "சாமி, மார்மன்காரங்க கிறிஸ்தவங்களா, இல்லையா?"

"கிறிஸ்துவ நம்புறேங்கிறவனப் பாத்து நீ நம்பலன்னு சொல்ல எனக்கு வாய் வராதும்மா. ஆனா பெந்தெகொஸ்தேலருந்து ஒருத்தர் நம்மகிட்ட வந்தா, முறையா வாங்குன ஞானஸ்நானத்த நாம ஏத்துக்குவோம். அங்கருந்து வந்தா புதுசாத்தான் கொடுக்கணும். பிதா, சுதன்னு அவங்களும் அதே வார்த்தையத்தான் சொல்றாங்க. ஆனா பிதாவும் சுதனும் தனித்தனிக் கடவுளுங்கிறாங்க, பிதாவுக்கும் மனுசன் மாதிரி ஒடம்பு உண்டுங்கிறாங்க. மூணு பேரும் ஒரே கடவுள்னு நாம சொல்ற மூவொரு கடவுள் அது இல்ல" என்றார். அவர்கள் நம் தண்ணீரை ஏற்பதில்லை, நாம் அவர்கள் தண்ணீரை ஏற்பதில்லை. வழக்கு சரிக்குச் சரியாக நிற்கிறது என்று அன்றைக்கு எனக்கு ஒரு திருப்திகூட வந்தது.

போன வருசம் அம்மா இறந்துபோனாள். அண்ணன் வந்தான், பெட்டிக்குத் தோள் கொடுத்தான். அடக்கப் பூசையில் நாங்கள் எல்லோரும் நன்மை வாங்க, சாமியார் கையால் நற்கருணை அப்பம் வாங்க, வரிசையில் போனபோது அவன் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். ஊரே திரும்பிப் பார்த்தது. அழுகையோடு அழுகையாக எனக்கு அவன் மேல் ஆத்திரமும் வந்தது.

இந்த வருசம் கல்லறைத் திருநாளுக்கு, கூப்பிடாமலே வந்து நின்றான். அம்மாவின் கல்லறைக்கு நான் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தேன். அவன் நிலக்கோட்டைப் பூச்சந்தையில் பூ வாங்கி வந்து குருசைச் சுற்றிக் கட்டினான். மெழுகுவர்த்தியைக் காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றவன், "பாப்பா, ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான்.

கேட்டான். அவர்கள் சபையில், இறந்துபோனவர்களுக்காக உயிரோடு இருப்பவர்கள் தண்ணீரில் இறங்கி ஞானஸ்நானம் வாங்குவார்கள். அதற்கென்று இருக்கும் கோயிலுக்கு வெளிநாடு போகப்போகிறானாம். பெண்ணுக்காகப் பெண்தான் இறங்க வேண்டும் என்பதால், அம்மாவின் பெயரைச் சொல்லி அதே சபையில் இருக்கும் அண்ணி தண்ணீரில் இறங்குவாளாம். குடும்பத்தைச் சாவுக்குப் பிறகும் பிரியாமல் சேர்த்து வைக்கிற சடங்குக்கு அதுதான் முதல் படியாம். எனக்குச் சம்மதமா என்றான்.

"அம்மா என்ன ஞானஸ்நானம் இல்லாமயா செத்துச்சு? சாகுறப்ப ஜெபமாலையக் கையில பிடிச்சிருந்துச்சே, பெட்டியில வச்சப்பவும் கையிலேயே இருந்துச்சே, நீயும் பாத்தேயில்ல?"

"இங்க பாரு, செத்தவங்களுக்கு நீங்க பூசை வைக்கிறீங்க. நான் இதச் செய்றேன். ரெண்டுமே அவங்களுக்காகத்தான?"

நியாயம் மாதிரித்தான் இருந்தது. "பூசை வச்சா அம்மா வாழ்ந்தது வாழ்ந்ததா அப்படியே இருக்கும்ணே. நீ செய்யப்போறது, அம்மா கும்பிட்டதெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்றது. அம்புட்டு வருசமும் ஒண்ணுமில்லன்னு."

"அப்படியில்ல பாப்பா. அம்மாவ யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க. அங்க இருந்து அம்மா ஏத்துக்கலாம், வேணாம்னும் சொல்லலாம். அம்மா இஷ்டம்."

"வேணாம்னு சொல்லுமா?"

அவனுக்குப் புரியவில்லை.

"நீ கேட்டு அம்மா எதையாச்சும் வேணாம்னு சொல்லியிருக்கா? ஒரு வாட்டி? நீ கூப்பிட்டா, எதுக்கு ஏன்னு கேக்காம ஜெபமாலையக் கீழ வச்சுட்டு எந்திரிச்சு வந்துரும்ணே. அது சொல்லாது. அதான் அதுக்காக நான் சொல்றேன். வேணாம்."

அண்ணன் மெழுகுவர்த்தியைக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சுற்றிலும் சனம் அவரவர் கல்லறையில் செபம் சொல்லிக்கொண்டிருந்தது. சண்டை போடுவான் என்று நான் காத்திருந்தேன். அவனுக்குக் கண்ணீர் வழிந்தது.

"முறைப்படி சேத்து வைக்காட்டி, அங்க போனப்பெறகு அம்மா எங்கூட இருக்காதே பாப்பா" என்றான். "நான் மட்டுந்தான தனியா நிப்பேன்."

இத்தனை வருசம் அவன் வேதத்தையும் தீர்க்கதரிசியையும் நூல் நூலாகப் பிரித்து வாதாடியவள் நான். பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் கை வைத்தேன். வேணாம் என்று சொன்னதை மட்டும் நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.