நான்காம் நிலைப் படம்

பிறைத் துறைமுகத்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் லாரி ஓட்டியே ஆயுசில் பாதியைக் கழித்தவர் கார்த்திகேசு. வாய் என்றால் அப்படியொரு வாய். குறுக்கே வரும் மோட்டார் சைக்கிள்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத்தான் விடுவார். போன வருஷம் வந்த பக்கவாதம் அந்தப் பேச்சையும் வலப்பக்கத்தையும் கொண்டுபோனது. காதும் புத்தியும் மட்டும் தெளிவாக இருந்தன. அதுதான் வினை.

ஜெலுத்தோங் ஃபிளாட்டில் இருந்த ஒரே ஏர்கோன் மகன் மோகனராஜின் கம்ப்யூட்டர் அறையில் ஓடியது. கிராஃபிக்ஸ் கார்டு சூடாகக் கூடாதாம். அப்பா ஹாலில் வெந்தார். படுக்கைப்புண்ணின் படத்தைப் பார்த்து, அது எந்த நிலை என்று தரம் பிரிக்க ஒரு நிரலை அவன் பழக்கிக்கொண்டிருந்தான். படங்கள் ஒரு முதியோர் இல்லம் கொடுத்தவை. நோயாளிகளின் மானம் முக்கியம், எதுவும் வெளியே போகக் கூடாது என்று அவர்கள் கண்டிப்பாகச் சொன்னதால்தான் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வேலை. ஊரார் மானத்தில் பிள்ளைக்கு அத்தனை அக்கறை!

முதல் நிலைச் சிவப்புக்குப் படம் ஏராளம். எலும்பு தெரியும் நான்காம் நிலைக்குத்தான் பஞ்சம். அந்த நேரம் பார்த்து, எந்நேரமும் வலப்பக்கமே சாய்ந்து கிடந்த அப்பாவின் வலது இடுப்பு சிவந்தது.

"என்னங்க, மாமாவத் திருப்பிப் போடுவோம். கிளினிக்லேர்ந்து நர்ஸக் கூப்பிடுங்க," என்றாள் மனைவி குமுதா.

"பொறு லா. ஒரே ஆளோட புண்ணு, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும். இந்த டேட்டா யாருகிட்டயும் இல்ல. எத்தன பேருக்கு உதவும் தெரியுமா?"

கார்த்திகேசு இடக்கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். திருப்பிப் போடுடா, அவ்வளவுதான் அவர் கேட்டது. கைபேசியை இடுப்பருகே நீட்டியபடி, மோகனராஜ் அந்தக் கையை மெல்ல எடுத்து அவர் மார்பில் வைத்தான். "அசையாதீங்கப்பா, படம் கலங்கிடும்."

குமுதா இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு துடைக்கப் பழகிவிட்டாள். அவளையும் சும்மா விட, கதை சொல்லும் எனக்கு மனசில்லை.

புண் குழியானது. ஒரு காலை எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அந்தப் படத்தைக் கொடுத்ததும் நிரல் சட்டென்று நான்காம் நிலை என்றது. மோகனராஜ் துள்ளிக் குதித்து வந்து அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டான்.

"இப்பவாவது திருப்பலாமா?" என்றாள் குமுதா.

"திருப்பு, திருப்பு!"

இருவருமாக அவரை இடப்பக்கம் புரட்டினார்கள். வலி விட்ட சுகத்தில் கார்த்திகேசுவின் கண் நிறைந்தது. பெற்ற மகனை மன்னித்துக்கூட விட்டார். மோகனராஜ் அவர் இடது இடுப்பை விரலால் அழுத்திப் பார்த்தான்.

"இந்தப் பக்கம் சிவக்கக்கூட இல்ல," என்றான். "இந்தத் தடவ மொத நாள்லேர்ந்தே படம் எடுத்துடலாம்."