சுருதியில் நான் கண்ட குறை

எங்கள் சபைப் பாடகர் குழுவின் ஈஸ்டர் ஒலிப்பதிவைக் கேட்டு நேற்று நான் இந்த இணையப் பக்கத்தில் எழுதிய குறைகள்:
1. வேகம் போதாது.
2. சுருதி ஒரு கட்டை தாழ்வு (கைபேசிச் செயலியில் அளந்தது).
3. மகிழ்ச்சிப் பாட்டில் துக்கம்.

இன்று குழித்துறைப் பேருந்தில் குழுவை நடத்தும் கிரேஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சாரே, நீங்க எழுதினத வாசிச்சிட்டு ரோஸ்லெட் அக்கா இனி பாட வரமாட்டேன்னுட்டாவ."

"நான் அவர்கள் பேரைச் சொல்லவில்லையே."

"தொண்டையில ஆப்பரேஷன் கழிஞ்சு மொதப் பாட்டு சாரே. மேல எட்டாதுன்னு நாங்கதான் சுருதிய இறக்கினோம். போன் வச்சு அளந்தீங்களே, ஒரு வார்த்தை கேக்கப்பிடாதா?"

வீட்டுக்கு வந்து ரோஸ்லெட்டை இருமுறை அழைத்தேன். எடுக்கவில்லை.

ஒன்றும் மூன்றும் இப்போதும் சரியென்றே படுகிறது. இரண்டாவதைக் குறை என்று எழுதியதுதான் தவறு. நேரில் போனால் கதவைத் திறப்பார்களா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.