டாக்டரம்மா செத்த வாரம்

பதினொரு வருடம் ஓடிய ஆஸ்பத்திரி சீரியல், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்கி ஏழரைக்கு ஒரேயடியாக முடிந்தது. அதன் நாயகி டாக்டரம்மாவும் அத்தோடு முடிந்துபோனாள். அந்த ஒரு மணி நேரத்தில் எங்கள் தெருவில் பல வீட்டில் பால் பொங்கி வழிந்தது. என் வீட்டில் வழியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எதிர்வீட்டுக்கு டிவி பார்க்கப் போயிருந்தேன். அழ வேண்டிய நாளில் அடுப்பை நினைத்தவள் என்று அதற்கும் எனக்குப் பேச்சு கிடைத்தது.

ராஜபாளையத்தில் எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேருக்கு பேண்டேஜ் துணி மடிக்கிற ஷெட்டில்தான் வேலை. வெளுத்துக் காய்ந்து வரும் துணியை வெட்டி, சுருட்டி, கட்டாகக் கட்டி அனுப்புவோம். எந்த ஊரில் எவன் மண்டை உடைந்தாலும் நம் கை பட்ட துணிதான் சுற்றுகிறார்கள் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. அதனால் வைத்தியமும் தெரியும் என்று இன்னொரு நினைப்பு. சீரியலில் ஒருவன் கார் மோதிக் கிடந்தால், மறுநாள் ஷெட்டில் அவன் பிழைப்பானா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

"அந்தக் கட்டப் பாத்தியா? நூலு பிரியுது. நம்ம சரக்கு இல்ல அது."

"நம்ம சரக்கா இருந்தா ரத்தம் வெளிய தெரியுமா?"

மூலையில் உட்கார்ந்து நான் பாட்டுக்குச் சுருட்டிக்கொண்டிருப்பேன். பத்துப் பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி.

எதிர்வீட்டுக்காரிக்கு வாய் வரும். என்னைவிடப் பத்து வயது இளையவள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கணவர் இல்லை, ஒரே மகன் திருப்பூரில். அவளுக்கு நான்கு வருடமாகக் கர்ப்பப்பை கீழே இறங்கியிருந்தது. ஷெட்டில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். பேசாதவளிடம் சொன்னால் பத்திரமாக இருக்கும் என்று சொல்லியிருப்பாள். துணியை மடித்துப் போட்டு அதன்மேல்தான் உட்காருவாள். இருமினால் எழுந்து போய்விடுவாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லேடி டாக்டர் பார்த்துவிட்டு, எடுத்துவிட வேண்டியதுதான் என்று முதல் வருடமே சொல்லிவிட்டார்கள்.

"சீரியல் முடியட்டும்க்கா" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் படுக்க வேண்டும். அந்த ஐந்து நாளில் டாக்டரம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று அவளுக்குக் கவலை. டாக்டரம்மா அந்த நான்கு வருடத்தில் இரண்டு தடவை நினைவு தப்பி, ஒரு தடவை மலையிலிருந்து விழுந்து, ஜெயிலுக்கும் போய்வந்தாள். இவள் ஒரு தடவைகூட ஆஸ்பத்திரியில் சேரவில்லை. கடைசியில் உள்ளே புண்ணாகி ரத்தம் பட ஆரம்பித்தது. இதற்குமேல் தள்ளினால் என்னைக் கேட்காதீர்கள் என்று அந்த லேடி டாக்டர் கையை விரித்த பிறகுதான், சீரியல் முடிகிற சனிக்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை சேருவதாக ஒத்துக்கொண்டாள். வியாழன் காலை ஆபரேஷன். சீரியல்காரர்கள் முடிக்கிற தேதியைச் சொல்லாமல் இருந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது. அந்த வகையில் அவர்கள் புண்ணியவான்கள்.

கடைசி வாரம் தொடங்குகிற திங்கட்கிழமை, டாக்டரம்மாவே ஆபரேஷன் மேசையில் கிடந்தாள். பிழைப்பாளா என்பதுதான் கேள்வி. ஷெட்டில் நானும் எதிர்வீட்டுக்காரியும் சேர்த்து ஆறு பேர் அரை நாள் லீவு போட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமிக்கு அர்ச்சனை. நோய் தீர்க்கிற சாமி. தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்கக் கூச்சப்படுகிறவள்கூட அன்றைக்குச் சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகக் கேட்டாள். அவர் கொடுத்தார். அவர் வீட்டு அம்மாவும் அந்த ஆறு பேரில் ஒருத்தி.

நான்தான் வயதில் மூத்தவள் என்று தேங்காய்த் தட்டை என் கையில் கொடுத்து முன்னால் தள்ளிவிட்டார்கள். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேர், நட்சத்திரம்?" என்றார்.

டாக்டரம்மாவின் பேரைச் சொன்னேன். நட்சத்திரம்? பதினொரு வருடத்தில் அவள் மாமியார் பிறந்த ஊர், வேலைக்காரி காதலன் பார்த்த வேலை எல்லாம் சொன்னார்கள். நட்சத்திரத்தைச் சொல்லவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. குருக்கள் என் முகத்தைப் பார்க்கிறார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆபரேஷனுக்கு நாள் நல்லதா என்று காலையில்தான் எதிர்வீட்டுக்காரிக்காகக் காலண்டர் பார்த்திருந்தேன். அவள் நட்சத்திரம்தான் வாயில் வந்தது.

"கேட்டை" என்றேன்.

அர்ச்சனை நடந்தது. எதிர்வீட்டுக்காரி என் முதுகில் குத்தினாள். கோபத்தில் இல்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"நானும் அவளும் ஒரே நட்சத்திரம்னு இன்னைக்குத்தான தெரியுது. எம்புட்டு அடி வாங்குனாலும் தாங்குறாளேன்னு அப்பயே நெனச்சேன்."

டாக்டரம்மாவின் நட்சத்திரம் கேட்டை என்பது சாயங்காலத்துக்குள் ஷெட் முழுக்க உறுதியாகிவிட்டது. நான் வாய் தவறிச் சொன்னேன் என்று சொல்ல எனக்குத்தான் வாய் இல்லையே.

சனிக்கிழமை என்ன ஆயிற்று என்றால், பதினொரு வருடமாகத் தன் குடியைக் கெடுத்த நாத்தனாருக்கு டாக்டரம்மா தன் இருதயத்தையே கொடுத்துவிட்டு மேசையிலேயே செத்துப்போனாள். இருதயத்தைக் கொடுத்த பிறகும் இரண்டு நிமிடம் வசனம் பேசினாள். அது எப்படி என்று நான் ஒருத்திதான் யோசித்திருப்பேன் போலிருக்கிறது. மற்ற எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

எதிர்வீட்டில் டிவியை அணைத்ததும் ஒருத்தி எழுந்து, "நான் போயி தலைக்கு ஊத்தணும்" என்றாள்.

"எதுக்குட்டி?"

"செத்தத கண்ணால பாத்துட்டோம்ல. குளிக்காம எப்பிடி அடுப்பத் தொட?"

அதில் நியாயம் இருப்பதாக நான்கைந்து பேருக்குப் பட்டது. அன்றைக்கு எங்கள் தெருவில் ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில் தண்ணீர்த் தொட்டி காலியானது. மறுநாள் ஞாயிறு, கறிக்கடையில் கூட்டம் இல்லை. திங்கட்கிழமை ஷெட்டில் கதை எழுதினவன் குடும்பத்தை மூன்று தலைமுறைக்குத் திட்டினார்கள். ஒரு பெண் தன் போனில் டாக்டரம்மா படத்துக்கு மாலை போட்டு, விளக்கு ஏற்றி, ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். சீரியல் சாவு என்று தெரியாமல் அதைப் பார்த்த அவள் சித்தி சோழபுரத்திலிருந்து போன் பண்ணி, செத்தது யார், எப்போது எடுக்கிறார்கள் என்று அழுதாளாம்.

"பதினாறாம் நாள் எப்பம்மா வருது?" என்றாள் எங்களோடு வேலை பார்க்கிற பாய் வீட்டு அம்மா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பிரியாணிக்குச் சொல்லிட்டா நான் பாத்திரம் கொண்டாந்துருவேன்."

யாரும் சிரிக்கவில்லை. நான் முந்தானைக்குள் சிரித்துக்கொண்டேன்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி என் வீட்டுக்கு வந்து, அடுப்படியில் நின்றபடியே சொன்னாள்.

"புதன்கெழம நான் போகல."

"ஏன்?"

"கேட்டையில அவளுக்கு அர்ச்சன பண்ணியாச்சு. அவ மேசையிலயே செத்தாச்சு. அடுத்து மேசையில படுக்கப்போற கேட்டைக்காரி யாரு? நாந்தான?"

அவள் நட்சத்திரத்தைக் கொண்டுபோய் ஒரு பொய்ச் சாவில் கட்டிவிட்டு வந்தவள் நான்.

"அது நடிப்பும்மா. அந்தப் பிள்ள இந்நேரம் வீட்ல சோறு தின்னுக்கிட்டு இருக்கும்."

"அது நடிப்புதான். அர்ச்சன நடிப்பா? தேங்கா ஒடச்சது நடிப்பா?"

சீரியலைப் பொய் என்று சொல்லிவிடலாம். தேங்காயைச் சொல்ல முடியுமா?

"கெட்டுப் போகுதுன்னு டாக்டர் சொல்லுதாகல்ல?"

"வத்துக்கா, வத்து" என்று தெலுங்கில் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். "இப்பிடியே இருந்துட்டுப் போறேன். நாலு வருசம் இருந்தேன்ல." போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். அவள் நின்ற இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் கிடந்தது. ஈரத்துணி எடுத்து நான் துடைத்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, ஷெட்டுக்குப் போகாமல் தனியாக பஸ் ஏறினேன். மடவார் வளாகத்தில் குருக்கள் வேலை முடித்து வெளியே வரும்வரை தூணோடு தூணாக நின்றேன். பேச வேண்டியதை பஸ்ஸிலேயே நாலு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். அவர் வந்ததும் அதெல்லாம் போய்விட்டது. இருந்தாலும் எப்படியோ முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. களைத்துப்போனவர்போல் உட்கார்ந்தார்.

"நட்சத்திரம் தெரியலைன்னா சுவாமி பேர்லயே பண்ணியிருப்பேனேம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் சாமி வாய் வரல."

"உங்களுக்காவது வரலை. மத்தவாளுக்கு நன்னா வந்தது. போன வாரம் அந்த டாக்டருக்கு ஒருத்தர் அஸ்வினின்னா. ஒருத்தர் ரேவதின்னா. திருவாதிரையா திருவோணமான்னு ரெண்டு பேர் இங்கேயே சண்டை போட்டா. இருபத்தேழும் ஆச்சு. நீங்க சொல்ற கணக்குப்படி பார்த்தா ஊர்ல ஒருத்தர் மிஞ்சப்படாது. நானும் சேர்த்துதான்."

விபூதி கொடுத்தார். ஆபரேஷனுக்குப் போகச் சொன்னதாகச் சொல்லுங்கள் என்றார்.

நேராக எதிர்வீட்டுக்குத்தான் வந்தேன். குருக்கள் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவள் கேட்டாள்.

"கேட்டையில எத்தன பேரு அர்ச்சன பண்ணுனாகளாம்?"

அதை நான் குருக்களிடம் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை.

"ஒம்பது பேர்" என்றேன். கோயில் விபூதியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன பொய்.

அவள் விரலை மடக்கினாள். "அப்ப அவளுக்கு வந்தத ஒம்பதா பங்கு போட்டா, எனக்கு ஒரு பங்கு."

"ஆமா."

"ஒம்பதுல ஒரு பங்குன்னா சாவு வராதுல்ல? காய்ச்ச கீச்ச வரும்."

"அதுதான் வரும்."

"அம்புட்டுத்தான்னா தாங்கிக்கிடலாம்" என்று சொல்லி, பையை எடுத்துத் துணி வைக்க ஆரம்பித்தாள். நான்கு வருடமாக டாக்டர் படம் போட்டுக் காட்டி விளக்கியதைவிட இந்த வகுத்தல் கணக்கு அவளுக்கு நன்றாக விளங்கிவிட்டது.

வியாழன் காலை, திருப்பூரிலிருந்து வந்திருந்த மகன் கையெழுத்துப் போட்டான். கூட இருக்கப்போவது யார் என்று நர்ஸ் கேட்டாள்.

"நீங்க பேஷண்டுக்கு யாரும்மா?"

"எதிர்வீடு."

"அப்படில்லாம் எழுத முடியாது" என்று அவளாகவே 'அக்கா' என்று எழுதிக்கொண்டாள்.

அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். சீரியலில் இந்த நேரத்துக்குச் சிவப்பு விளக்கு எரியும், பாட்டு வரும், சொந்தக்காரர்கள் கண்ணாடிக் கதவில் கை வைத்து நிற்பார்கள். இங்கே கதவு தகரம். கண்ணாடி இல்லை. மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஆனால் விரல் நகரவில்லை. ஒன்பது பேர் என்று சொன்னது என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு ஏதாவது ஆனால் எட்டுப் பேர் எங்கே என்று யாரிடம் போய்க் கேட்பேன்? சுவரில் பல்லி ஒன்று ஓடியது. அதைக்கூட சகுனமாக எடுத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் இவர்களைப் பார்த்து முந்தானைக்குள் சிரித்தவள் நான்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அந்த லேடி டாக்டர் வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். சீரியலில்போல் முகக்கவசத்தை மெதுவாக இறக்கவில்லை. கண்ணை மூடித் திறக்கவில்லை. "முடிஞ்சதும்மா. நல்லா இருக்காங்க. தண்ணி கேப்பாங்க, நாங்க சொல்ற வரைக்கும் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே போய்விட்டாள். அவ்வளவுதான். சீரியல்காரர்கள் பதினொரு வருடமாக இழுத்ததை இவள் ஒரு மூச்சில் முடித்துவிட்டாள்.

மத்தியானம் எதிர்வீட்டுக்காரிக்கு நல்லபடியாக நினைவு வந்தது. என்னையும் மகனையும் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில் சொன்னாள்.

"இவ என்ன டாக்டரு. கையக்கூடப் பிடிக்கல. பயப்படாதீங்கம்மான்னு ஒரு வார்த்த சொல்லல. எம்மூஞ்சியப் பாக்காம எவனோடயோ சாப்பாட்டு விசயம் பேசிக்கிட்டே ஊசியப் போடுதா."

"உசுரோட இருக்கேல்ல" என்றேன்.

"இருக்கேன்" என்றாள். "அதுக்காக?"