மஞ்சள் துணி கட்டிய இலந்தை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விவசாயப் பயிற்சிப் பள்ளியில் பழமர வளர்ப்பு படிக்கிறேன் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

ஆடி மாதம் விடுமுறைக்கு வந்தபோது, இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போகும் பாதையோரம் எங்கள் கரிசலில் நின்ற காட்டு இலந்தையின் தலையை வெட்டி, பட்டையைக் கீறி, நல்ல சாதி இலந்தையின் மொட்டு ஒன்றைச் செருகினேன். அம்மாவின் பழைய மஞ்சள் சேலையைக் கிழித்துக் கட்டினேன்.

“முள்ளுக்கு வைத்தியமாக்கும்? இது துளிர்க்கலேன்னா ஒன் படிப்பை நிறுத்திருதேன்” என்றார் அய்யா.

விடுதிக்குத் திரும்பிய பிறகு, ஊரில் ஒரு சொட்டு மழையில்லை என்று கேள்விப்பட்டேன். நம்பிக்கை போய்விட்டது.

மறுபடி வந்து பார்த்தால் செடியின் அடி ஈரமாகக் கிடந்தது. துணியெங்கும் குங்குமம். கட்டின் இடுக்கில் பச்சைத் துளிர்! முள்மரம் வேறொரு மரத்தைத் தன் உடம்பில் ஏற்றுக்கொண்டிருந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. கட்டைத் தளர்த்தக் குனிந்தேன்.

“ஏத்தா, ஆத்தாளுக்கு நேர்ந்து கட்டுனதை அவுக்கலாமா? கோயிலுக்குப் போறவுக எல்லாம் தண்ணி ஊத்திட்டுல்ல போறோம்!” என்று அதட்டினாள், மஞ்சள் உடுத்திக் குடத்தோடு வந்த ஒருத்தி.

“கட்டுனதே நாந்தான் மதினி. இது ஒட்டுக்கட்டு.”

“அப்படியா? அதுக்காக, கொண்டாந்த தண்ணியைத் திரும்பவா தூக்கிட்டுப் போக?” என்று சொல்லி ஊற்றிவிட்டுப் போனாள்.

அய்யா படிப்பை நிறுத்தவில்லை. தேர்வில் மொட்டு ஒட்டும் முறையைப் பிழையில்லாமல் எழுதினேன். அந்தத் தண்ணீரை எந்த இடத்தில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.