செபஸ்தியம்மாள் கூண்டில் சொன்ன சாட்சி

பாபநாசம் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர் செபஸ்தியம்மாள். அவளுடைய நாற்பத்தோராவது வயதில், 1972இல், அப்பா ஆசீர்வாதம் இறந்துபோனார். ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தவர். குளிப்பாட்டியது, ஊட்டியது, துணி மாற்றியது எல்லாம் அவள்தான். அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. தங்கை விண்ணரசி வேளாங்கண்ணியில் ஒரு மெழுகுவத்திக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாள். அவளைக் கண்டதும் அப்பாவின் முகம் மலர்வதைப் பார்க்கப் பொறுக்காமல் செபஸ்தியம்மாள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து உயிலைப் படித்தார்கள். ஏழு மா நஞ்சை நிலம் மூத்தவளுக்கு. ஓட்டு வீடு இளையவளுக்கு. ஆனால் மூத்தவள் ஆயுசு முழுக்க அதில் குடியிருக்கலாம். மூத்தவளுக்கே அதிகம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் காதில் விழுந்தது வேறு. "என் மூத்த மகள் செபஸ்தியம்மாளுக்கு" என்றிருந்தது உயிலில். அடுத்த பாராவில், "என் அருமை மகள் விண்ணரசிக்கு."

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

உயில் செல்லும் என்று தஞ்சாவூர் கோர்ட்டில் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. விண்ணரசி மனுப் போட்டாள். அதை எதிர்க்க செபஸ்தியம்மாள் வக்கீல் இருதயசாமியிடம் போனாள்.

"உயில் செல்லாதுன்னா சொத்து ரெண்டு பேருக்கும் சரிபாதி டீச்சர்," என்றார் அவர். "இப்பவே உங்களுக்குப் பாதிக்கு மேல வருது. எதுக்குக் கேஸு?"

"பாதி போதும் சார். அந்தப் பத்திரம் நிக்கக் கூடாது."

"காரணம் வேணுமே?"

உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "அப்பாவுக்கு நினைவு தப்பினப்ப எழுதி வாங்கிட்டாங்க," என்றாள்.

"அப்ப அவருக்கு ஆளே அடையாளம் தெரியலைன்னு நீங்க கூண்டுல ஏறிச் சொல்லணும்."

"சொல்றேன்."

வழக்கு இரண்டு வருஷம் நடந்தது. ஊருக்கு ஊர் செங்கொடி ஏறியிருந்த காலம். குத்தகைதாரர்கள் தாலுகா ஆபீசில் பெயரைப் பதிந்துகொண்டிருந்தார்கள். அந்த ஏழு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுத பக்கிரியும் பதிந்துவிட்டு வந்து, "நெலம் யாருதுன்னு கோர்ட்டு சொல்லட்டும் டீச்சர். அதுவரைக்கும் யாருக்கும் நெல் அளக்க மாட்டேன்," என்றான்.

வாய்தாவுக்கு வாய்தா விண்ணரசி பஸ் ஏறி வருவாள். "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்பாள். செபஸ்தியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் இருதயசாமியின் குமாஸ்தாவே எழுந்து விண்ணரசிக்கு நாற்காலி போட்டான். எதிர்க்கட்சிக்காரிக்கு! நின்றுகொண்டிருந்த செபஸ்தியம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சாட்சி சொல்லும் நாள் வந்தது. விண்ணரசியின் வக்கீல் கண்ணுசாமி குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

"உயில் எழுதின மாசத்துல உங்க அப்பாவுக்கு யாரையும் அடையாளம் தெரியாது?"

"தெரியாது."

"அப்ப உங்களையும் தெரியாது. ஆறு வருஷம் பக்கத்துலயே இருந்த உங்க முகம் மறந்துபோச்சு. எப்பவோ வர்ற தங்கச்சி பேரை மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தாரு. அப்படித்தானே?"

பெஞ்சில் விண்ணரசி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் செபஸ்தியம்மாளுக்கு வழக்கே மறந்துபோயிற்று.

"யாரு சொன்னா? என்னை அவருக்கு நல்லாத் தெரியும். என் செருப்புச் சத்தம் கேட்டாலே, 'செபஸ்தி வந்துட்டா, மணி அஞ்சாச்சு'ம்பாரு. உயில் எழுதின அன்னிக்குக்கூட, வந்தவங்களுக்குக் காபி போடுன்னு என்னைத்தான் கூப்பிட்டுச் சொன்னாரு. அவளை இல்ல!"

இருதயசாமி கேஸ் கட்டை மூடினார். "வேற கேள்வி இல்லீங்க," என்று கண்ணுசாமி உட்கார்ந்துவிட்டார்.

உயில் செல்லும் என்று தீர்ப்பானது. எழுதியவர் சுயநினைவோடு இருந்தார் என்பதற்கு அவள் வாக்குமூலத்தையே முதல் ஆதாரமாகக் காட்டியிருந்தார் நீதிபதி.

"கேஸை நீங்களே கவுத்துட்டீங்களே டீச்சர்," என்றார் இருதயசாமி.

"ஆமா சார். ஆனா அவ கேட்டுக்கிட்டு இருந்தா இல்ல?"

நிலம் அவள் பெயருக்கு வந்தது. பக்கிரி குத்தகை நெல்லை அளந்தான். வீட்டிலும் அவளே இருந்தாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு விண்ணரசி வந்தாள். "செருப்புச் சத்தத்தை வச்சு அப்பா உன்னைக் கண்டுபிடிப்பாருன்னு எனக்குத் தெரியவே தெரியாதுக்கா," என்றாள். "கோர்ட்ல கேட்டப்ப எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

செபஸ்தியம்மாளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. அதற்காகவே மறு ஞாயிறு கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். சாமியார் காது கொடுத்தார். பொய் சொன்னது, கோபப்பட்டது எல்லாவற்றையும் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தை மட்டும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள்.