ஐந்தாம் மதகுக்கு ஒரு தெளிவுரை

மனு ஒன்று வந்தால் மூன்று நாளுக்குள் ஒப்புகை தரவேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும். ஒரு மாதத்தில் முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையாவது எழுதித் தரவேண்டும். அரசு அலுவலகங்களுக்கு இதுதான் விதி. பாசனப் பிரிவு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். இந்த விதியை எப்படிக் காப்பாற்றுவது, எப்படிக் காப்பாற்றாமலே காப்பாற்றியதாகக் காட்டுவது, இரண்டும் எனக்குத் தெரியும். கடல் கடந்து இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தையும் இந்த விதி கட்டுப்படுத்தும் என்று நான் நம்பியதால் வந்ததுதான் இத்தனையும்.

ஓய்வுக்குப் பிறகு என் வயதுக்காரர்கள் காசிக்குப் போனார்கள். நான் புரோகிராம் எழுதக் கற்றேன். அந்த நிறுவனம் ஒரு கருவியை இலவசமாகக் கொடுத்தது. கணினியில் நிறுவிக்கொண்டு, டெஸ்க்டாப்பில் ஓடுகிற எந்தப் புரோகிராமையும் அதில் எழுதலாம். யார் வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும். உரிம ஒப்பந்தத்தை முழுவதும் படித்துவிட்டுத்தான் ‘சம்மதம்’ என்பதை அழுத்தினேன். உலகத்தில் அப்படிச் செய்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான் எழுதியது ஒரே ஒரு புரோகிராம். எங்கள் வாய்க்காலின் கடைமடையில் எட்டு மதகுகள். தண்ணீர் முறை வைத்துத்தான் விடுவார்கள். எந்த மதகு எந்த நாள் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும், அதில் யார் வயலுக்கு முதலில் பாயும் என்பதைப் பாசன சங்கத்தில் ஒரு நோட்டில் எழுதி வைப்பார்கள். பேனா யார் கையில் இருக்கிறதோ அவர் வயல் முதலில் நனையும். ஒரு வருடம் இதற்காக ஒருவர் தோளில் மண்வெட்டி இறங்கியது. அப்போது பணியில் இருந்த நான்தான் மேலே அறிக்கை அனுப்பினேன். ‘சிறு சலசலப்பு’ என்று எழுதினேன். அவருக்கு இன்றும் அந்தப் பக்கத்துக் கை முழுதாக மேலே போகாது.

அதனால் புரோகிராமில் இரண்டு பாதுகாப்புகள் வைத்தேன். மதகுகளின் பட்டியலையும் வயல்காரர்களின் பெயர்களையும் யாரும் திறந்து திருத்தக்கூடிய கோப்பில் வைக்காமல், புரோகிராமின் உள்ளேயே எழுதிவிட்டேன். ஒரு பெயரை மாற்ற வேண்டுமென்றாலும் நான்தான் அந்தக் கருவியைத் திறந்து புரோகிராமை மறுபடி உருவாக்க வேண்டும். இரண்டாவது, சங்கத்தில் ஒரு தீர்மானம்: கணினி அச்சிட்ட தாளே செல்லும், கையால் திருத்திய தாள் செல்லாது. வாசகம் என்னுடையது. அதில் ஒரு கமாவைக்கூட மாற்ற இடமில்லாமல் எழுதியிருந்தேன்.

மே மாதம் நிறுவனத்தின் அறிவிப்பு வந்தது. இனி இலவசப் பதிப்பில் டெஸ்க்டாப் புரோகிராம் எழுத முடியாது. நிறுவனத்தின் சொந்த இணையக் கடையில் விற்கிற செயலிகளை மட்டுமே எழுதலாம். டெஸ்க்டாப் வேண்டுமென்றால் விலைப் பதிப்பை வாங்க வேண்டும். பழைய இலவசப் பதிப்பு வைத்திருப்பவர்கள் ஜூன் கடைசிக்குள் பதிவு செய்ய வேண்டும்; பதிவு செய்யும்வரை கருவி திறக்கும், ஆனால் புரோகிராம் உருவாக்க விடாது, ஜூன் தாண்டினால் முழுதாகப் பூட்டிக்கொள்ளும். பதிவு செய்யும்போது தனிநபரா, அமைப்பா என்று சொல்ல வேண்டும். அமைப்பு என்றால் இலவசம் கிடையாது.

இந்தக் கருவியை வைத்துப் பிழைக்கிற மூன்று பேரோடு எனக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. மயிலாடுதுறையில் அரிசி ஆலைகளுக்கு எடைமேடைப் புரோகிராம் எழுதுகிறவர் ஒருவர். பேராவூரணியில் தேங்காய் மண்டிகளுக்கு எழுதுகிறவர் ஒருவர். திருவாரூரிலிருந்து பள்ளிக்கூடங்களுக்கு எழுதித் தரும் பெண் ஒருவர். அன்று காலையிலிருந்து குரல் பதிவுகளாக வந்து விழுந்தன.

“மில்லுல எடைமேடை பக்கத்துல இருக்குறது தவிடு மூடுன பழைய பெட்டிங்க. அதுல கடையாம், செயலியாம். எலி கூட அதுல ஒழுங்கா ஓடாது” என்றார் மயிலாடுதுறைக்காரர்.

“எங்க மண்டியில நெட்டு வேணும்னா தென்ன மரத்துலதான் ஏறணும். ஏறுறதுக்கு ஆளு கெடைக்கல” என்றார் பேராவூரணிக்காரர்.

“சிரிங்க சிரிங்க. ஜூலையில பூட்டிக்கிச்சுன்னா முப்பது ஸ்கூலு எனக்குத்தான் போன் போடும்” என்றார் திருவாரூர்ப் பெண். “பேசாம தனிநபர்னு போட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருங்க எல்லாரும்.”

அவர்கள் மூவரும் அன்றே அப்படிப் பதிவு செய்துவிட்டார்கள். என்னால் முடியவில்லை. பாசன சங்கம் அமைப்பா இல்லையா என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதைச் சட்டப்படி பதிவு செய்து முத்திரை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். விலைப் பதிப்பின் விலையைப் பார்த்தேன். சங்கத்தில் சொல்ல வாய் வரவில்லை.

அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதைச் செய்தாலும் தப்பாகும் என்று தெரிந்தால் மேலிடத்துக்குத் தெளிவுரை கேட்டு எழுதிவிட வேண்டும். பதில் வரும்வரை கோப்பு நிலுவையில் இருக்கும். நிலுவையில் இருக்கும் கோப்பின் மேல் யாரும் நடவடிக்கை எடுக்க மாட்டார்கள். பல பேருடைய பணிக்காலமே இப்படி முடிந்திருக்கிறது. நானும் எழுதினேன். பொருள், பார்வை, பத்தி எண்கள் எல்லாம் வைத்து, நல்ல ஆங்கிலத்தில். இணைப்பு இல்லாத கடிதம் எனக்குக் கை கால் இல்லாத உடம்பு மாதிரி. ‘இக்கருவியை இப்பகுதியில் பயன்படுத்துவோர் விவரம்’ என்று ஓர் அட்டவணை சேர்த்தேன். நான்கு பெயர்கள், ஊர், யாருக்காக எழுதுகிறார்கள், தொலைபேசி எண். அனுப்பிவிட்டு அதன் நகலைக் குழுவிலும் போட்டேன். பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

 பிறகு மயிலாடுதுறைக்காரர் கூப்பிட்டார்.

“சார், நீங்களே போயி எழுதிக் குடுத்துட்டீங்களா?”

“விளக்கம்தானே கேட்டிருக்கேன்.”

“வெளக்கம் கேட்டவரு எதுக்குங்க மில்லு பேரையெல்லாம் எழுதுனீங்க? நான் தனிநபர்னு போட்டு பத்து நாளாவுது. இப்ப நான் பொய் சொன்னேன்னு அவங்க கையிலேயே அத்தாட்சி குடுத்துட்டீங்களே!”

திருவாரூர்ப் பெண் கேட்டது இன்னும் சுருக்கம். “நான் எத்தனாவது வரிசை சார்?”

“மூணாவது.”

“போன் நம்பரு?”

“கடைசிக் கட்டத்துல.”

“நல்லாருங்க” என்று வைத்துவிட்டார்.

பயம் எனக்கு அந்த நிமிடத்தில்தான் வந்தது. அலுவலகத்தில் எத்தனையோ பேரைப் பற்றி எழுதியிருக்கிறேன். எழுதப்பட்டவன் கையில் அந்தத் தாள் எத்தனை கனம் என்று முதல் முறையாகத் தெரிந்தது. பேராவூரணிக்காரர் குழுவிலிருந்தே விலகிவிட்டார். மூன்று நாள் ஆனது, ஒப்புகை வரவில்லை. கருவியைத் திறந்தால் மேல் மூலையில் ஒரு வரி: இன்னும் இருபத்தாறு நாள். மறுநாள் இருபத்தைந்து. அது தெளிவுரைக்காகக் காத்திருக்கவில்லை. நிலுவை என்ற சொல்லே அதற்குத் தெரியாது.

ஜூன் பன்னிரண்டில் மேட்டூர் அணையைத் திறந்தார்கள். தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் பக்கம் வந்துசேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அந்த வாரம் சங்கத்து அறைக்கு ஒரு பெண் வந்தார். அவருடைய அம்மா ஊரில் எல்லார் வயலிலும் நடவு நட்டவர். இவர் அதே ஊரில் இந்த வருடம்தான் சொந்தமாக இரண்டு மா நிலம் வாங்கிக் குறுவை நெல் வைக்கிறவர். கோடையில் ஐந்தாம் மதகை இடித்து இரண்டாகக் கட்டியிருந்தார்கள். அவர் வயல் புதிய கிளையில் வருகிறது.

“புது மதகுல எம்பேரு ஏறிடுச்சுங்களா சார்?”

“இன்னும் இல்லம்மா. ஒரு கடிதத்துக்குப் பதில் வரணும்.”

“நாத்து இருபத்திரெண்டு நாளாச்சு. போர் தண்ணி கடன் கேட்டு ஊத்தி வளத்துருக்கேன். இன்னும் ஒரு வாரம் தாங்கும். அதுக்கு மேல முத்திப் போயிரும், மாட்டுக்குத்தான் போடணும்.”

“மேல் மதகுல பலகை தூக்கி விடுறவர்கிட்ட நான் சொல்றேன்.”

“நீங்க சொன்னா கேப்பாரா? தாளக் காட்டுன்னுவாரு. பேனாவுல எழுதுனா செல்லாதுன்னு எழுதுனதே நீங்கதானாமே?”

 பழைய புரோகிராம் பழைய பட்டியலைத்தான் அச்சிடும். அதில் அவர் பெயர் இல்லை. திருவாரூர்ப் பெண்ணைக் கூப்பிட்டு, என் புரோகிராமை அவர் கருவியில் ஒரு முறை உருவாக்கித் தரமுடியுமா என்று கேட்டேன்.

“மூணாவது வரிசையில எம்பேரு இருக்கே சார். இப்ப ஒரு சங்கத்துக்கு வேற நான் செஞ்சு குடுத்து, அதையும் நீங்க அவங்களுக்கு எழுதுவீங்க” என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அதைக் கொடுத்தவனும் நான்தான்.

தண்ணீர் இரண்டு மைல் தூரத்தில் வந்துவிட்டது என்று சொன்ன காலையில், வேறு வழியில்லாமல் சங்கத்துக் கணினியின் முன் உட்கார்ந்தேன். அந்தப் பெண் எதிரில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். திரையில் இரண்டு வட்டங்கள்: தனிநபர், அமைப்பு. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு பொய்ச் சான்றில்கூடக் கையெழுத்துப் போடாதவன். போடச் சொன்னவர்களை மெமோ கொடுத்து அழவைத்தவன்.

“என்ன சார், இன்னும் அமுக்காம இருக்கீங்க?”

“பொய்க் கையெழுத்துப் போடுறேம்மா.”

“யாருக்கு?”

“வெளிநாட்டுக் கம்பெனிக்கு.”

“அவுங்க நாத்தா காயுது? போடுங்க சார்.”

தனிநபர் என்று குறித்தேன். பூட்டு விலகியது. ஐந்தாம் மதகை ஐந்து-அ, ஐந்து-ஆ என்று பிரித்து, பதினொரு பெயர்களை இடம் மாற்றி, புரோகிராமை உருவாக்கி அச்சிட்டேன். ஐந்து-ஆவில் மூன்றாவது பெயர் அவருடையது. அவர் தாளை மடிக்காமல் இரு கையிலும் ஏந்திக்கொண்டு போனார். மேல் மதகுக்காரர் அதை வெயிலில் தூக்கிப் பிடித்து, பேனா பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு பலகையை ஏற்றினாராம். நாற்றுக்கு இருபத்தொன்பதாம் நாள் அந்தப் பெண் நட்டு முடித்தார்.

என் பயம் அதற்குப் பிறகு அதிகமானது. முன்பு சந்தேகத்தில் இருந்தேன். இப்போது குற்றத்தில் இருக்கிறேன். அதற்கான பட்டியலும் என் கையொப்பத்தோடு அவர்களிடமே இருக்கிறது. மின்னஞ்சல் சத்தம் கேட்டால் திரையைத் திருப்பிவைத்தேன். கூரியர்க்காரர் ஒரு நாள் ஆங்கில உறை ஒன்றை நீட்டியபோது, வீட்டில் இல்லை என்று அவரிடமே சொன்னேன். அது ஏதோ காப்பீட்டு விளம்பரம்.

ஆவணியில் மயிலாடுதுறைக்காரர் கூப்பிட்டார். உலகம் முழுவதும் புரோகிராம் எழுதுகிறவர்கள் போட்ட கூச்சலில் நிறுவனம் பின்வாங்கிவிட்டதாம். இலவசப் பதிப்பில் டெஸ்க்டாப் முன்போலவே இருக்குமாம். பேராவூரணிக்காரர் குழுவுக்குத் திரும்பி வந்து ஒரு இளநீர்ப் படம் போட்டார். எல்லாரும் மறந்தார்கள். கூச்சல் போட்டவர்களுக்கு விடுதலை. கடிதம் எழுதியவனுக்குக் கடிதம் இன்னும் நிலுவையில்.

குறுவை அறுத்து, அடுத்த பயிராகத் தாளடியும் நட்டு, அதுவும் அறுவடைக்கு வந்தது. அந்தப் பெண்ணின் வயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த காலையில் பதில் வந்தது. மூன்று வரி. தங்கள் கருத்துக்கு நன்றி. அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. தாங்கள் இணைத்த பட்டியல் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது.

மூன்றாவது வரியை நானே என் பணிக்காலத்தில் எத்தனையோ மனுக்களுக்கு எழுதியிருக்கிறேன். அந்தத் தாளை யாரும் இனிப் பார்க்கப் போவதில்லை என்பதற்கும் அதைத்தான் எழுதுவோம். ஒருவர் இப்போது அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கும் அதைத்தான் எழுதுவோம். குழுவில் போட்டேன். திருவாரூர்ப் பெண் மட்டும் கேட்டார்: “எந்தப் பிரிவு சார்?”

உறையில்லாத கடிதமானாலும் வழக்கப்படி அச்சிட்டு, மூலையில் வரவு நாள் குறித்தேன். தண்ணீர்க் காலம் முடிந்து மேட்டூர் அணையை மூடுகிற நாள் அது. ஜனவரி இருபத்தெட்டு.